சொலாரிஸ் கொடியின் பூர்வீகம்

ஒஸ்லோவில் எங்கள் தமிழ்க் கத்தோலிக்கப் பூசைக்குத் தேவையானவற்றை எடுத்துவைப்பது என் பொறுப்பு. போன வருடம் செப்டெம்பரில் ஹொல்ம்லியாவில் இருக்கும் அண்ணை ஒருவர் ஒரு போத்தலைக் கொண்டுவந்து தந்தார். முன்பு வடக்கே பாட்ஸ்பியோர்ட் மீன் தொழிற்சாலையில் என்னோடு மீன் வெட்டியவர்.

"என்ரை வளவில காய்ச்ச முந்திரிகையில செய்த வைன், தங்கச்சி. பூசைக்குப் பாவியுங்கோ."

முந்திரிகை என்றால் எங்கள் பேச்சில் திராட்சை. இந்தக் குளிரில் திராட்சையா? கடைச் சாறாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். பூசை வைனில் திராட்சையைத் தவிர வேறொன்றும் சேரக்கூடாது. சனிக்கிழமை அந்தப் போத்தலோடு ரயிலேறி அவர் வீட்டுக்குப் போனேன்.

வெயில் படும் சுவரில் கொடி படர்ந்திருந்தது. குலைகளும் தொங்கின. ஒன்றைப் பிடித்து இழுத்தே பார்த்தேன்.

"சொலாரிஸ். வெள்ளை வைனுக்கான இனம். ஜெர்மனியில உண்டாக்கினது, குளிர் தாங்கும்," என்றார்.

"தாய் தகப்பன் ஆர்?"

"கலியாணம் பேசவே வந்தனீங்கள்?" என்று சிரித்தபடி கைபேசியில் காட்டினார். முன்னோரில் ரீஸ்லிங், மஸ்கட் என்று பெயர்பெற்றவை இருந்தன. கூடவே அமெரிக்கக் காட்டுக் கொடிகளும், ரஷ்ய இனம் ஒன்றின் வழியாக வந்த அமூர் ஆற்றங்கரைக் காட்டுக் கொடியும்.

என் சந்தேகம் கூடியது. முற்றத்தில் நின்றே ஃபாதருக்குப் போன் எடுத்தேன்.

"காட்டுக் கொடியெண்டாலும் முந்திரிகைதானே. பூர்வீகத்தை விடுங்கோ. வேறை ஏதும் கலந்தவரோ எண்டு கேட்டனீங்களோ?"

நான் அதைக் கேட்டிருக்கவில்லை. போனை வைத்துவிட்டு அண்ணையிடம் திரும்பினேன்.

"இதுக்குள்ள சீனி போட்டனீங்களோ?"

அவர் கொடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். "கொஞ்சம் போட்டனான். போன வருசக் கோடையில வெயில் காணேல்ல, பழம் சரியான புளிப்பு. போடக்கூடாதெண்டு எனக்குத் தெரியாது."

உண்மையாகவே தெரியாதா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். பிடிபடவில்லை.

போத்தலைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் என்னைக் குசினிக்குக் கூட்டிப்போய் அதைத் திறந்து இரண்டு கிளாசில் வார்த்தார். நல்லாகத்தான் இருந்தது. அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"இந்த முறை சீனி போடமாட்டன். வாற சனி பிழியிறன்," என்றார்.

"நானும் வாறன்."

"உதவிக்கோ?"

அடுத்த சனிக்கிழமை சொன்னபடி போனேன். பிழிந்த சாற்றை ஊற்றிக் கலனை மூடும்வரை பக்கத்திலேயே நின்றேன்.