கோட்டுக்காரப் பிள்ளை

காரைக்காலில் கம்பளிக் கோட்டுக்கு என்ன வேலை? வெயில் காலத்தில் அதைப் பார்த்தாலே வியர்க்கும், மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடிக்கும். ஆனாலும் எங்கள் வீட்டு அலமாரியில், உம்மாவின் சேலைகளுக்கு நடுவே, கருநீலத்தில் கனத்த கோட்டு ஒன்று தொங்குகிறது. இரண்டு கைகளின் நுனியிலும் நான்கு நான்கு பொன்னிறப் பட்டைகள். அடைமழை ஓய்ந்து வெயில் தலைகாட்டியதும் உம்மா அதை மாடிக்கு எடுத்துப்போய்க் கொடியில் போடுவாள். பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த ஒருவர், "வூட்டுல யாருங்க போலீசு?" என்று கேட்டார். "போலீசும் இல்ல, பட்டாளமும் இல்லங்க. அது எங்க கோட்டுக்காரப் புள்ளையோடது" என்றாள் உம்மா. ஏதோ கூடப்பிறந்த தம்பியின் மகனைச் சொல்வதுபோலச் சொன்னாள். அந்தப் பிள்ளையின் பெயர் இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

எனக்குத் தெரியும். ஆனால் நாங்கள் எல்லோரும் அவரைக் கேப்டன் என்றுதான் அழைத்தோம், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். பாட்டன் காலத்திலிருந்து வந்த பிரெஞ்சுக் குடியுரிமையோடு நான் கல்யாணமாகிப் பிரான்சின் தெற்கே ஒரு கடலோர நகரத்துக்குப் போனேன். மலிவு விலைக்கு டிக்கெட் விற்கும் ஒரு விமான நிறுவனத்தில் வேலை கிடைத்தது. எந்த விமானத்துக்கு எந்த விமானி என்று கணினியில் கட்டங்களை நிரப்ப வேண்டும். ஆள் குறைந்தால் போன் போட்டுப் பிடிக்க வேண்டும். காரைக்காலில் சொந்தக்காரர்களிடம் நான் விமானக் கம்பெனியில் இருக்கிறேன் என்று உம்மா பெருமையடித்துக்கொண்டிருந்தாள். நான் பார்த்ததோ நடவுக்கு ஆள் பிடிக்கிற வேலைதான்.

வேடிக்கைக்குச் சொல்லவில்லை. எங்கள் விமானிகளில் பாதிப்பேர் நிறுவனத்தின் ஊழியர்களே அல்லர். ஒப்பந்தக்காரர்கள். விமானம் நகர்ந்தால்தான் அவர்களுக்குச் சம்பளம். காய்ச்சலில் படுத்தால் அது அவர்கள் பாடு. அதனால் யாருக்கும் காய்ச்சலே வராது. ஒரு விமானி ஒரு நாளில் எவ்வளவு நேரம் பணியில் இருக்கலாம் என்பதற்குச் சட்டம் இருக்கிறது. பனிமூட்டத்தாலோ புயலாலோ தாமதமானால், கேப்டன் விரும்பினால் மட்டும், அதைக் கொஞ்சம் நீட்டிக்கலாம். விரும்பினால் என்பது சட்டமே சொல்வது. அவர் மாட்டேன் என்றால் அதோடு முடிந்தது, யாரும் வற்புறுத்தக் கூடாது. அதற்கும் எங்கள் மேலாளர் ஒரு வழி வைத்திருந்தார். "நீட்டிப்பீர்களா என்று கேட்காதீர்கள். எத்தனை மணிக்குக் கிளம்புகிறீர்கள் என்று கேளுங்கள்" என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். அப்படிக் கேட்டால் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் நேரத்தைச் சொல்லிவிடுவார்கள். மறுக்கிறவர்களை நாங்கள் மறந்துவிட மாட்டோம் என்பது அவர்களுக்கும் தெரியும்.

கேப்டன் கிழக்கு ஐரோப்பாவில் ஒரு சிறிய ஊரைச் சேர்ந்தவர். நாற்பத்தைந்து வயதிருக்கும். எங்கள் அலுவலகத்தைக் கடந்து போகும்போது தலையை நீட்டி, "இன்றைக்கு யாரைத் தூக்கத்திலிருந்து எழுப்பப் போகிறீர்கள்?" என்று கேட்பார். நாங்கள் சிரிப்போம். நேரம் போட்டுக் கேட்கும் எங்கள் கேள்வியை அவர் ஒருநாளும் கோபித்துக்கொண்டதில்லை. "பொறுங்கள், என்னைக் கேட்டுச் சொல்கிறேன்" என்பார். பிறகு பெரும்பாலும் சரி என்றுதான் சொல்வார். வீம்புக்கு மறுக்கிற ஆள் அல்லர் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

உம்மா முதன்முதலாக என்னைப் பார்க்க வந்த குளிர்காலம் அது. சென்னையிலிருந்து பாரிஸ் வரை பெரிய விமானம், அங்கிருந்து எங்கள் நகரத்துக்கு எங்கள் நிறுவனத்தின் விமானம். நான்தான் டிக்கெட் போட்டேன். அன்று காலையிலேயே பனிமூட்டம். ஒரு விமானம் பிந்தினால் அதன் பின்னால் எல்லாம் பிந்தும். விடியுமுன் பணிக்கு வந்த கேப்டன், சாயங்காலம் பாரிஸில் வந்து நின்றபோது அவருடைய பணிநேரம் முடியும் தறுவாயில் இருந்தது. அடுத்து உம்மாவின் விமானம். மாற்று விமானி அங்கே யாரும் இல்லை. மேலாளர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். நான் போனை எடுத்தேன்.

"எத்தனை மணிக்குக் கிளம்புகிறீர்கள், கேப்டன்?"

வழக்கம்போல, "பொறுங்கள், என்னைக் கேட்டுச் சொல்கிறேன்" என்றார். பிறகு, "இன்று முடியாது" என்றார்.

பாஷை தெரியாத ஊரில், உம்மா முட்டி வலியோடு, இடியாப்ப மாவும் மாசிக் கருவாடும் அடைத்த பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். சேலைக்கு மேல் வெள்ளைத் துப்பட்டி, ஒரு மெல்லிய ஸ்வெட்டர், அவ்வளவுதான். மேலாளர் சொல்லிக்கொடுத்ததையெல்லாம் விட்டுவிட்டு, "கேப்டன், அந்த விமானத்தில் என் அம்மா வருகிறாள். வெள்ளைத் துணி போர்த்தியிருப்பாள். தயவுசெய்து" என்றேன்.

அவர் மெதுவாகச் சொன்னார்: "இப்போது இறங்கினேன் அல்லவா? சக்கரங்களை இறக்கியது எனக்கு ஞாபகம் இல்லை. இறங்கித்தான் இருந்தன, அதனால்தான் உங்களோடு பேசுகிறேன். ஆனால் என் கை அதைச் செய்த ஞாபகம் என்னிடம் இல்லை. உங்கள் அம்மாவை நான் ஏற்றிக்கொண்டு வர மாட்டேன்."

போனை வைத்த கையோடு அவரைத் திட்டினேன். எங்கள் ஊர் வார்த்தைகளிலேயே திட்டினேன், மேலாளருக்குப் புரியாது என்ற தைரியத்தில். சக்கரம் இறங்கியதுதானே, பிறகென்ன என்றுதான் அந்த நேரம் எனக்குத் தோன்றியது. உம்மாவுக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. மறுபடி போட்டேன், மறுபடியும் எடுக்கவில்லை. ஒரு வழியாக எடுத்தபோது அவள் குரலுக்குப் பின்னால் ஒரே கூச்சல்.

"இங்க ஒரு புள்ள மைக்குல என்னமோ சொல்லிச்சு புள்ள. எல்லாரும் அது மேல பாயிறாங்க. ஒருத்தன் அடிச்சிருவான் போல நிக்கிறான். அது வாயே தொறக்காம நிக்கிது. பாவமா இருக்குது."

என்ன நடந்தது என்று பிறகு அங்கிருந்த கவுன்டர் பெண் சொல்லித் தெரிந்துகொண்டேன். விமானம் ரத்தானால் தொழில்நுட்பக் காரணம் என்று அறிவிப்பதுதான் எங்கள் வழக்கம். இயந்திரத்தின் மேல் பழியைப் போட்டால் அது திருப்பிப் பேசாது. அந்தப் பெண் அப்படித்தான் அறிவித்திருக்கிறாள். விமானிகளுக்கென்று தனி வாசல் உண்டு, கேப்டன் அதன் வழியாகப் போய்விட்டிருக்கலாம். அவரோ அவளிடமிருந்து மைக்கை வாங்கி, "விமானத்துக்கு ஒன்றும் இல்லை. களைத்துப்போனது நான். இந்த நிலையில் உங்களை ஏற்றிப் போவது சரியில்லை" என்றிருக்கிறார். ஒரு விமானி அப்படிச் சொல்லி அந்தப் பெண் அதற்குமுன் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை.

கூச்சல் அடங்கியதும் அவர் கூட்டத்துக்குள் உம்மாவைத் தேடியிருக்கிறார். விடுதிக்குப் போகும் பேருந்துக்காக எல்லோரையும் வெளியே குளிரில் நிறுத்தியிருந்தார்கள். அங்கே வெள்ளைத் துப்பட்டி ஒன்றே ஒன்றுதான். தன் கோட்டைக் கழற்றி உம்மாவின் தோளில் போட்டு, மேல் பொத்தானையும் மாட்டிவிட்டு, பையைத் தூக்கிப் பேருந்தில் வைத்திருக்கிறார். "நீ சொல்லிக்குடுத்த மாதிரி நன்றிக்கு மெர்சின்னேன். சிரிச்சுச்சு. கண்ணு ரெண்டும் செவந்து கெடந்துச்சு புள்ள" என்றாள் உம்மா. மறுநாள் மதியம் வேறொரு விமானி ஓட்டிவந்த விமானத்தில், முழங்கால் வரை தொங்கும் கோட்டோடு வந்து இறங்கினாள். அவளைப் பார்த்ததும் அழுதுவிட்டேன். கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

அடுத்த வாரம் மேலாளர் கூப்பிட்டார். "போனில் அவர் குரல் நன்றாகத்தானே இருந்தது?" என்றார். நான் ஆமாம் என்று சொன்னால் அவர் வீம்புக்கு மறுத்தார் என்று எழுதிவிடலாம், அதற்குத்தான் நாற்காலியெல்லாம் இழுத்துப் போட்டார். "நன்றாகத்தான் இருந்தது. சக்கரம் இறக்கியது ஞாபகமில்லை என்று நன்றாகவே சொன்னார்" என்றேன். அதோடு பேச்சை முடித்து என்னை என் இடத்துக்கு அனுப்பிவிட்டார்.

கேப்டனை யாரும் வேலையைவிட்டு நீக்கவில்லை. நீக்கினால்தானே வழக்குப் போட முடியும்? அடுத்த மாதம் கணினியைத் திறந்தபோது அவர் பெயருக்கு நேரே கட்டங்கள் காலியாக இருந்தன. விமானி கிடைக்காத விமானம் ஒன்றுக்கு நான் அவரைப் போட்டேன், மதியத்துக்குள் அதை எடுத்துவிட்டிருந்தார்கள். மறுபடி போட்டேன். மறுபடி எடுத்தார்கள். அதற்கடுத்த மாதம் அவர் பெயரே இல்லை. அவரைவிடக் களைத்த குரல்களெல்லாம் அந்த வாரங்களில் தயங்காமல் எனக்கு நேரம் சொல்லின. அந்தப் போன்களை வைக்கும்போதெல்லாம், விமானம் இறங்கிவிட்டது என்று திரையில் காட்டும்வரை எனக்குத் தண்ணீர்கூட இறங்காது. அதிக நாள் என்னால் அந்த நாற்காலியில் உட்கார முடியவில்லை.

கோட்டைத் திருப்பிக் கொடுக்கப் போன் செய்தேன். கேப்டன் தன் ஊரில் வெளியூர்ப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தார். "இதில் ஒரு கருவி இருக்கிறது. நேரம் முடிந்தால் ஓரங்கட்டு என்கிறது. ஓரங்கட்டினால் யாரும் போன் செய்து எத்தனை மணிக்குக் கிளம்புகிறாய் என்று கேட்பதில்லை" என்று சிரித்தார். கோட்டை அம்மாவே வைத்துக்கொள்ளட்டும் என்றார். வாப்பா மவுத்தாகி உம்மா தனியாளானபிறகு நான் அவளோடு இருக்கக் காரைக்காலுக்கே வந்துவிட்டேன். கோட்டும் கூடவே வந்தது.

போன வெள்ளிக்கிழமை பிரான்சிலிருந்து என் தங்கை வரவேண்டியிருந்தது. இறால் வாங்கி உரித்து வைத்திருந்தோம். மதியம் போன் வந்தது. பாரிஸுக்கு வரும் சின்ன விமானமே கிளம்பவில்லை, சென்னை விமானமும் போய்விட்டது. "பைலட்டு முடியாதுன்னுட்டானாம் அக்கா. டயர்டா இருக்காம் தொரைக்கு! இவனுங்கள எல்லாம் வேலைய வுட்டே தூக்கணும்" என்று கத்தினாள். அன்றைக்குக் கேப்டனைத் திட்டிய என் குரல் அப்படியே. எனக்கும் முகம் வாடித்தான் போயிற்று, எத்தனை மாதம் கழித்து வருகிறாள்.

உம்மா மாடிப்படியில் கோட்டைத் தோளில் போட்டபடி நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். போனை வாங்கினாள்.

"திட்டாதே புள்ள. போயி சாப்பிட்டுப் படு. இன்னிக்கி வரலன்னா நாளைக்கி வருவே. நாளைக்கி வர்றதுக்குத்தான் அந்தப் புள்ள முடியாதுன்னு சொல்லியிருக்கு."

போனை என்னிடம் கொடுத்துவிட்டு, கோட்டைக் கொடியில் போட மேலே ஏறிப்போனாள்.