மூக்கக்கா சொன்ன பிளம்

அந்த உணவகத்தில் அவள் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. மூக்கக்கா என்றால் வாசல் காவலாளி முதல் மேனேஜர் வரை எல்லோரும் உள்ளே கை காட்டுவார்கள். ஒயினை ருசி பார்த்து, எந்த ஒயினுக்கு எந்தச் சாப்பாடு பொருந்தும் என்று சொல்வது அவள் வேலை. பட்டப்பெயரில் அவளுக்கே கொள்ளைப் பெருமை. போனை எடுத்தால்கூட “மூக்கக்கா பேசுறேன்” என்றுதான் ஆரம்பிப்பாள்.

அங்கே சமையல்காரர் அவள் கணவர். அடுப்படியில் புலி, அவள் முன்னால் பூனை. புது ஒயின் வந்தால் நாலைந்து தட்டுகளில் ஒவ்வொரு கவளமாக வைத்துக்கொண்டு பரீட்சை எழுதியவர் மாதிரி நிற்பார். முதல் வாய் எப்போதும் அவளுக்கு. அவள் சொல்லி முடிக்கும்வரை அவர் கிளாஸைத் தொடமாட்டார், தொட்டாலும் ஒரு வாய்க்கு மேல் குடித்ததில்லை.

“இது கனமான ஒயினுங்க. மீனை வச்சா மீனே காணாமப்போயிடும். கொழுப்புள்ள ஆட்டுக்கறி வைங்க, துவர்ப்பு அடங்கும்” என்பாள். நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை அவளிடம் வாங்குவதற்குள் மனுஷனுக்குப் போதும் போதும் என்றாகிவிடும். ஒரு பெரிய விருந்தில் நாலு மேசை தள்ளி யாரோ பாட்டிலைத் திறந்ததுமே, “அதை ஊத்தாதீங்க! கார்க் கெட்டுப்போச்சு, நனைஞ்ச அட்டைப்பெட்டி நாத்தம் வருது” என்று கத்திவிட்டாள். மேனேஜரின் மானத்தை வாங்கியதும் அவள்தான், காப்பாற்றியதும் அவள்தான்.

அப்பேர்ப்பட்ட மூக்கை, போன மழைக்காலத்தில் வந்த ஒரு பாழாய்ப்போன காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. பால் தீய்ந்தாலும் அவளுக்குத் தெரியவில்லை. “வாசனை வரலாம், வராமலும் போகலாம். மூக்கைப் பழக்கிக்கிட்டே இருங்க” என்றார் மருத்துவர். அந்த ‘வரலாம்’ ஒன்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார் சமையல்காரர். வேலை முடிந்து வந்தும் வீட்டு அடுப்பை விடவில்லை. மிளகு வறுத்தார், பூண்டு வதக்கினார், சுடச்சுட அவள் மூக்கருகே நீட்டினார்.

“இப்போ?”

“இல்லங்க.”

அவர் விரல்களில் கொப்புளம் ஆறவே இல்லை. மேனேஜர் நல்லவர், அவள் இடத்தில் ஆள் போடாமல் எவ்வளவோ நாள் இழுத்தடித்தார். இனி முடியாது, அடுத்த வாரம் வேறு ஆள் பார்க்கப்போகிறேன் என்று கடைசியில் தயங்கித் தயங்கிச் சொல்லிவிட்டார்.

அன்று மதியம் சமையல்காரருக்கு விடுமுறை. மெர்லோ திராட்சையோடு வேறு இரண்டு வகை கலந்த சிவப்பு ஒயின் ஒன்றை அவர் திறந்தார். அவளுக்கு உயிரான வகை அது. மிளகு தடவிச் சுட்ட ஆட்டுக்கறியும் வெண்ணெயில் வதக்கிய காளானும் பக்கத்தில் இருந்தன. வீடு முழுக்கக் கறிப்புகை, அவர் மூக்கிலும் அதுதான். அவள் கிளாஸைச் சுழற்றி, கண்ணை மூடி முகர்ந்து, ஒரு வாய் குடித்தாள்.

“பிளம்” என்றாள். “நல்லா பழுத்த பிளம். பின்னாடி லேசா கோகோ. வாய் நிறைய நிக்குதுங்க. இந்தக் கறிக்குன்னே பண்ணின மாதிரி இருக்கு.”

மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. போனை எடுத்து, “சார், அவளுக்கு வாசனை வந்துடுச்சு! நாளைக்கே வேலைக்கு வர்றா!” என்று மேனேஜரிடம் கத்தினார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் கிளாஸிலிருந்து ஒரு வாய் குடித்தார்.

நனைந்த அட்டைப்பெட்டி. ஈரக் கிடங்கில் பூட்டிக் கிடந்த நாற்றம். அடுப்புப் புகையில் பழகிய தன் மூக்குக்கே அது தெரிகிறதே என்று அவருக்குப் பகீரென்றது. இத்தனை வருஷம் மெர்லோவைப் பற்றிச் சொல்லிச் சொல்லிப் பழகிய பாடத்தைத்தான் அவள் ஒப்பித்திருக்கிறாள். லேசில் எதையும் பாராட்டாதவள் பாராட்டியபோதே சந்தேகப்பட்டிருக்க வேண்டாமா?

“எப்படி இருக்குங்க?” என்றாள் அவள்.

“பிளம்தான்” என்று சொல்லிவிட்டு, மிச்சத்தையும் மடமடவென்று குடித்துக் கிளாஸைக் கீழே வைத்தார்.

அவள் அந்தக் காலிக் கிளாஸையே பார்த்தாள். “ஒரு வாய்க்கு மேல நீங்க குடிச்சதே இல்லையே.” பிறகு மெதுவாகக் கேட்டாள்: “கார்க் கெட்டுப்போச்சா?”

அவர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

“தினமும் அடுப்புல கெடந்து வேகுறீங்க, பார்க்க முடியலங்க. வந்துடுச்சுன்னு சொன்னா இன்னைக்கு ஒரு வேளையாவது நிம்மதியா உக்காந்து சாப்பிடுவீங்கன்னு நினைச்சேன். உடனே போன் பண்ணுவீங்கன்னு நினைக்கல.”

மேனேஜரிடம் உண்மையைச் சொல்லியாக வேண்டும். கணவர் போனை எடுத்துக் கையிலேயே வைத்திருந்தார். அவள் வாங்கி, தானே கூப்பிட்டாள். மறுமுனையில் மேனேஜர் சந்தோஷமாக எதையோ சொல்லிச் சிரிப்பது அவருக்கும் கேட்டது. மேனேஜர் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு அவள் தொண்டையைச் செருமினாள்.

“சார், மூக்கக்கா பேசுறேன்” என்று பழக்கதோஷத்தில் ஆரம்பித்தாள். அதற்கு மேல் அவளுக்குப் பேச்சு வரவில்லை.