மாப்பிள்ளை என்றொரு ஆமை

மலாயாவில் பெக்கோக் ஊரிலிருந்து உள்ளே தள்ளியிருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில் பேச்சியம்மாளுக்குப் பயப்படாத ஆள் கிடையாது. கங்காணி தங்கராஜுவும் அதில் சேர்த்திதான், ஒப்புக்கொள்ள மாட்டார், அவ்வளவுதான். புருஷன் இன்னொருத்தியோடு மூவார் பக்கம் குடித்தனம் போன அன்று ஆறுதல் சொல்ல வந்த பெண்களுக்கு அவள் கறுப்புக் காப்பி போட்டுக் கொடுத்தாள். "ஒரு ஆளு சோறு மிச்சம். குடிச்சிட்டுப் போங்க" என்று அனுப்பியும் வைத்தாள். தனியாக அழுதாளோ என்னவோ, யார் கண்ணிலும் அது படவில்லை.

அதற்குப் பிறகுதான் ஆமை வந்தது. அவள் பால் வெட்டும் மரங்களுக்குப் பக்கத்தில் ஒரு சதுப்பு இருந்தது. மழை விட்ட ஒரு நாள் அங்கிருந்து ஏறி வந்த ஆமை அவள் காலடியில் நின்றிருக்கிறது. விரட்டினால் போகவில்லை. பால் வாளியிலேயே போட்டுத் தூக்கி வந்துவிட்டாள். அடுப்புக்குப் பக்கத்து மூலையில் ஒரு கோணியை விரித்து, கங்கோங் கீரையைக் கிள்ளிப் போட்டாள்.

"பேரு என்னக்கா?" என்று கேட்டாள் பக்கத்து அறை ராஜம்மா.

"மாப்பிள்ள."

"ஐயே!"

"பின்ன? வர்றான், திங்கிறான், மூலையில படுக்கிறான். எல்லாம் அந்த ஆளு மாதிரிதான். ஆனா இவன் கை நீட்ட மாட்டான்."

ராஜம்மா சிரிக்க வாயெடுத்தவள் அப்படியே நிறுத்திக்கொண்டாள்.

ஆமை நுழைந்த வீடு விளங்காது என்று நம்மவர்களுக்கு ஒரு பயம் உண்டு. ஊரிலிருந்து கப்பலேறும்போது பாத்திரம் பண்டத்தைக்கூட மறந்துவிட்டு வந்தவர்கள் இந்தப் பயத்தை மட்டும் பத்திரமாக மடித்துக் கொண்டுவந்திருந்தார்கள். கூலிக் குடும்பங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்தில் எல்லாரும் முணுமுணுத்தார்கள். ஆனால் ஒன்றிரண்டு வருஷம் ஒன்றும் நடக்கவில்லை. மாப்பிள்ளை வாளிச் சத்தம் கேட்டால் வாசல்வரை நகர்ந்து வரும். பேச்சியம்மாள் அதன் ஓட்டைத் துடைத்துவிட்டுக்கொண்டே அன்றைய வசவுகளையெல்லாம் அதனிடம் சொல்லித் தீர்ப்பாள். நாள் முழுக்க ஊரை வைத பெண்ணுக்கு அந்த நேரத்தில் மட்டும் குரல் இறங்கியிருக்கும்.

பிறகு ரப்பர் விலை விழுந்தது. கூலியைக் குறைத்தார்கள். பாதி மரத்தை வெட்டாமல் விட்டார்கள். குடும்பம் குடும்பமாக ரயிலேற்றி, கப்பலுக்கு அனுப்பி, நாகப்பட்டினத்துக்கே திருப்பிவிட்டார்கள். யாரைக் குறை சொல்வது என்று தெரியாமல் தவித்த லயத்துக்குக் கடைசியில் ஆமை நினைவுக்கு வந்தது. வாய்விட்டுச் சொன்னவர் கங்காணி.

பேச்சியம்மாள் பெரட்டுக் களத்தில், காலையில் ஆள் கூட்டிக் கணக்கெடுக்கும் அந்த இடத்தில், எல்லார் முன்னாலும் கேட்டாள். "சீமையில ரப்பர் வெல எறங்குனதுக்கு எங்க அடுப்பு மூலையில கெடக்குற ஆமையா காரணம்? அப்ப வெல ஏறுனப்ப அதுக்கு மால போட்டிருக்கணும்ல? ஏன் போடல?"

கணக்கெழுதும் கிராணி திரும்பி நின்று சிரித்தார். கங்காணிக்கு அதுதான் பொறுக்கவில்லை. மாரியம்மன் திருவிழாவுக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது தீர்ப்பாகச் சொல்லிவிட்டார். ஆமையை வெளியே எறியாதவரை பேச்சியின் பொங்கல் பானைக்குக் கோயில் வரிசையில் இடமில்லை.

இது சின்ன விஷயம் என்று நினைக்கக் கூடாது. தோட்டத்தில் எல்லாவற்றிலும் அவள் ஓடிப்போனவனின் பெண்டாட்டிதான். பேரைச் சொல்லிக் கூப்பிடும்போதுகூட அவன் பேர் முன்னால் வரும். வருஷத்துக்கு ஒரு நாள், அம்மன் முன்னால் ஒரு வீட்டுக்கு ஒரு பானை என்று வைக்கும்போது மட்டும் அவள் தனி வீடு, தனி அடுப்பு. அந்தப் பானைக்காக அவள் வருஷம் பூராவும் பச்சரிசியைச் சிறுகச் சிறுகச் சேர்த்து வைப்பாள். பானை வேண்டும், ஆமையும் வேண்டும். இரண்டில் எதை விடுவது என்று அவள் குழம்பிக்கொண்டிருக்கும்போதே மாப்பிள்ளை செத்துப்போனது.

வெட்டு முடிந்து பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து வாளியைக் கீழே வைத்தாள். ஆமை வரவில்லை. மூலையில் கழுத்தும் கால்களும் வெளியே நீண்டு கிடந்தன. உயிரோடிருக்கும்போது அந்நிய நிழல் பட்டாலே உள்ளே இழுத்துக்கொள்கிற தலை, தொட்டுத் தூக்கியும் தொங்கியது. காலையில் போட்ட கீரை பாதி தின்றபடி இருந்தது.

புரட்டிப் பார்த்தாள். ஓட்டில் கீறல் இல்லை. எறும்பு இல்லை. கீரையை முகர்ந்தாள். லாலான் புல்லுக்கு அடிக்கிற மருந்து வாடையும் இல்லை. யாராவது எதையாவது போட்டிருப்பார்களோ? கங்காணியா? ராஜம்மாவா? ராஜம்மா மேல் சந்தேகம் வந்ததும் அவளுக்குத் தன் மேலேயே வெறுப்பாக இருந்தது. இருந்தும் சந்தேகம் போகவில்லை.

ஆமையை முந்தானையில் சுற்றிக்கொண்டு நேரே தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போனாள். மருந்து கொடுக்கிற டிரசர் அம்பிகைபாகன் யாழ்ப்பாணத்துக்காரர். காய்ச்சல்காரர்கள் வரிசையை நிறுத்திவிட்டு ஆமையை வாங்கிப் பார்த்தார்.

"பேச்சி, இது ஏன் செத்ததெண்டு எனக்குத் தெரியேல்லை."

"ஏதாச்சும் சொல்லுங்கய்யா. விஷமா? வயசா?"

"சொல்லலாம். ஆனா அது நான் இப்ப உண்டாக்கிற பொய்."

அவள் அவரை முறைத்தாள். பிறகு கும்பிட்டுவிட்டு வந்தாள். அத்தனை பேரில் தெரியாது என்று சொன்னவர் அவர் ஒருவர்தான். மற்ற எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அவள் லயத்துக்குப் பின்னால் பப்பாளி மரத்தடியில் குழி தோண்டி முடிப்பதற்குள் அம்மன் எடுத்துக்கொண்டாள் என்றார்கள், தோஷம் கழிந்தது என்றார்கள், இனி விலை ஏறும் என்றார்கள். ஒரு வீட்டில் பாயசம்கூட வைத்தார்கள். பேச்சியம்மாள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்று, "வெல ஏறட்டும். அன்னிக்கு இங்க வந்து எல்லாரும் விழுந்து கும்பிடுங்க!" என்று லயம் முழுக்கக் கேட்கக் கத்தினாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்ட பிறகு கோணியை வெளியே எறிய அவளுக்குக் கை வரவில்லை.

அன்றிரவும் மறுநாளும் அவள் அடுப்பு மூட்டவில்லை. மூன்றாம் நாள் மனிதருக்குச் செய்வதுபோலவே குழி மேல் பால் தெளித்தாள். பார்த்தவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். அவளுக்கு அதுவே தெம்பாக இருந்தது.

சாயங்காலம் கங்காணியும் பூசாரி வேலுவும் வந்தார்கள். கங்காணி குரலில் தேன் ஒழுகியது.

"போனது போகட்டும் பேச்சி. கோயில்ல ஒரு தேங்கா ஒட. ஆமைய வச்சது தப்பு, அதான் ஆத்தா அடிச்சுட்டான்னு நாலு பேர் முன்னால சொல்லு. ஒன் பானைய வழக்கம்போல வச்சுக்கலாம்."

"அது எதனால செத்துச்சுன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

"அதான் சொல்றேனே…"

"எனக்குத் தெரியல. ராவும் பகலும் யோசிச்சுப் பாத்துட்டேன், தெரியல. ஒங்களுக்கும் தெரியாது. தெரியாத ஒண்ணுக்கு நான் எதுக்குத் தப்பு ஒத்துக்கணும்? வாயில்லாத சீவன் அது. செத்த பொறவும் அது தலையில பழி போடவா?"

"அப்ப பானை கெடையாது."

"அதையும் பாத்துருவோம்."

திருவிழா அன்று மஞ்சள் சேலை கட்டி, பானைக்கு மஞ்சள் கொத்துச் சுற்றி, அவள் வந்துவிட்டாள். வரிசையின் கடைசியில், ராஜம்மாவின் பானைக்கு அடுத்து, மூன்று கல்லை வைத்து விறகை அடுக்கினாள். அவளைத் தொட்டுத் தடுக்க ஒருவருக்கும் துணிச்சல் இல்லை. கங்காணி வேறு வழி கண்டுபிடித்தார்.

எங்கள் கோயிலில் ஒரு வழக்கம். பூசாரி அம்மன் விளக்கிலிருந்து முதல் அடுப்பை மூட்டுவார். அதிலிருந்து ஒரு கொள்ளி அடுத்த அடுப்புக்கு, அதிலிருந்து அடுத்ததற்கு என்று நெருப்பு கை மாறிக்கொண்டே போகும். எல்லாருக்கும் ஒரே நெருப்பு. அந்த இடத்தில் யாரும் தீப்பெட்டி உரசுவதில்லை.

நெருப்பு ராஜம்மாவிடம் வந்து சேர்ந்தது. கங்காணி அவள் பின்னால் வந்து நின்றுகொண்டார். ராஜம்மா புருஷனின் பேரும் ஊருக்குத் திருப்பி அனுப்பும் பேச்சில் அடிபட்டுக்கொண்டிருந்தது, அது எல்லாருக்கும் தெரியும். ராஜம்மா கொள்ளியைக் கையில் எடுத்தாள். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு அதைத் தன் அடுப்புக்குள்ளேயே செருகிவிட்டாள்.

"விடு ராசம்மா, ஒன் மேல கோவமில்ல" என்றாள் பேச்சியம்மாள்.

இடுப்பிலிருந்து தீப்பெட்டியை எடுத்து உரசினாள்.

பெண்கள் 'ஐயோ' என்றார்கள். யாரோ கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். விறகு ஈரம். அவள் குனிந்து ஊதினாள். கண்ணில் நீர் வழிய வழிய ஊதினாள், புகை என்று சொன்னால் நம்பத்தான் வேண்டும். பற்றிக்கொண்டது. பால் கொதித்தது, அரிசி வெந்தது, கடைசியாகப் பற்றிய அடுப்பு என்றாலும் மற்றப் பானைகளைப் போலவே பொங்கி வழிந்தது. வானம் இடியவில்லை. அம்மன் முகம் எப்போதும்போல இருந்தது.

ஒவ்வொரு பானையிலிருந்தும் முதல் கரண்டியை அம்மன் முன்னால் இருக்கும் இலையில் போடவேண்டும். எல்லாரும் போட்டு முடித்தார்கள். பேச்சியம்மாள் பானையைத் துணி சுற்றிப் பிடித்துத் தூக்கிக்கொண்டு சன்னதிக்கு நேரே வந்து நின்றாள். கங்காணி பூசாரியைப் பார்த்தார். பூசாரி அம்மனைப் பார்த்தார், பானையைப் பார்த்தார், பிறகு இலையை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"போடு தாயி" என்றார்.

அவள் கேட்டுச் சண்டை போட்டது இதற்காகத்தான். கரண்டியில் பொங்கலை எடுத்தும்விட்டாள். எடுத்தவள் இலையைப் பார்த்தாள். எல்லா வீட்டுப் பொங்கலும் அதில் மலையாகக் குவிந்து, ஓரத்தில் சரிந்துகொண்டிருந்தது. கரண்டியை மறுபடி பானைக்குள்ளேயே போட்டாள்.

"ஒனக்கு வைக்க இத்தன பேரு இருக்காங்க, ஆத்தா. அவனுக்கு நான் ஒருத்திதான்."

திரும்பி, வரிசை முழுவதையும் தாண்டி, பானையோடு பப்பாளி மரத்தடியைப் பார்த்து நடந்தாள்.