சணலக்காவும் இருபத்திரண்டு கிலோ பார்சலும்

என் வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் வீட்டை விட்டு ஓடியிருக்கிறேன். அப்போது எனக்கு எட்டரை வயது. ஓடிப்போன இடத்தில்தான் சணலக்காவைப் பார்த்தேன். அதனால் அவளைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் என் வீரதீரத்தையும் கொஞ்சம் பீற்றிக்கொள்ளாமல் முடியாது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பார்சல் ஆபீசில் இருபத்திரண்டு வருடம் கவுன்டரில் உட்கார்ந்தவள் சணலக்கா. அவளுக்கு அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தது சணல் கயிற்றின் மேல் அவளுக்கு இருந்த கஞ்சத்தனம். தரையில் விழுகிற துண்டுக் கயிற்றைக்கூட விடமாட்டாள். ஒன்றோடு ஒன்று முடிந்து, பந்தாகச் சுற்றி, மேஜை டிராயரில் வைத்துப் பூட்டிவிடுவாள். யாராவது அரை முழம் கேட்டால், "வீட்டுல கயிறே இல்லாமலா பார்சல் அனுப்பக் கிளம்பி வந்தீங்க?" என்று வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டுத்தான் வெட்டித் தருவாள். அதையும் கண்ணாலேயே அளந்து, முடிச்சுப் போட்டபின் நகக்கண் அளவுகூட மிஞ்சாதபடி வெட்டுவாள்.

சட்டம் பேசுவதிலும் அப்படித்தான். சீட்டு இல்லாத சாமானைத் தொடமாட்டாள். வந்த சாமானை ஒரு மணி நேரம்கூட நிறுத்தி வைக்கமாட்டாள். கையெழுத்து வாங்காமல் ஊசி முனை அளவு பொருளைக்கூடக் கொடுக்கமாட்டாள். தலைகீழாக நின்றாலும் நடக்காது.

அப்பேர்ப்பட்டவள் ஒரே ஒரு திருட்டுத்தனம் மட்டும் செய்து வந்தாள். சீட்டில் அனுப்புநர் முகவரி கட்டாயம் இருக்க வேண்டும். லாரி ஓட்டுகிறவர்கள், ரோடு போடுகிறவர்கள் என்று ஒரு இடத்தில் நிற்காதவர்கள் எந்த முகவரியைச் சொல்வார்கள்? தலையைச் சொறிவார்கள். அவர்களுக்கெல்லாம் தன் ஆபீசின் கதவு எண்ணையும் தெருவையும் எழுதிவிடுவாள். பதில் கடிதம் வந்தால் டிராயரில் வைத்திருந்து, அவர்கள் அடுத்த முறை வரும்போது கொடுப்பாள்.

என் அப்பாவும் அப்படிப்பட்டவர்தான். தண்ணீருக்கு ஆழ்துளை போடுகிற ரிக் வண்டியில் வேலை. வண்டி எங்கே நிற்கிறதோ அங்கேதான் சாப்பாடு, தூக்கம் எல்லாம். எனக்கு ஆறு வயதாக இருக்கும்போது போனவர், ஒவ்வொரு கடிதத்திலும் "அடுத்த மாதம் வருகிறேன்" என்று எழுதினார். அந்த அடுத்த மாதம் வரவே இல்லை. அவருக்குப் பதில் கவுன்தான் வந்தது. நாலைந்து மாதத்துக்கு ஒன்று, எனக்கென்று.

அந்தக் கவுன்களில்தான் வினையே இருந்தது. முதல் கவுன் கச்சிதமாக இருந்தது. இரண்டாவது கொஞ்சம் பிடித்தது. ஐந்தாவது வந்தபோது தலையே நுழையவில்லை. அம்மா தையற்காரி. கீழே வேறு துணியை வைத்துத் தைத்து, பக்கத்தைப் பிரித்து, எப்படியோ என்னை அதற்குள் திணித்துவிடுவாள். ஐந்து கவுனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அத்தனையும் ஒரே அளவு!

பக்கத்து வீட்டு மாமி ஒருநாள் அம்மாவிடம் குரலைத் தாழ்த்தி, "ரெண்டரை வருஷமா ஒரு மனுஷன் வரலைன்னா, அங்க ஒரு குடும்பம் இருக்குன்னு அர்த்தம்" என்றாள். அம்மா தையல் மெஷினை வேகமாக மிதித்தாள். நான் கவுன்களை நினைத்தேன். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அப்பாவோடு அங்கே ஒரு சின்னப் பெண் இருக்கிறாள். அவளை நிறுத்தித்தான் அளவு பார்க்கிறார். அவளுக்கு வாங்கும்போது எனக்கும் ஒன்று வாங்கி அனுப்புகிறார்.

அழுகை வரவில்லை. கோபம்தான் பொத்துக்கொண்டு வந்தது. அவளைப் பார்த்தே தீருவது என்று முடிவு செய்தேன்.

அம்மாவின் தையற்கடைக்கு அடுத்த கதவு எங்கள் ஊர் பார்சல் ஆபீஸ். கவுன் வருகிற ஊருக்குக் காலை ஆறு மணிக்கு லாரி கிளம்பும். கடைசிக் கவுன் வந்த சீட்டைக் கிழிக்காமல் வைத்திருந்தேன். அதில் 'அனுப்புநர்' என்பதை அடித்துவிட்டு 'பெறுநர்' என்று எழுதினேன். கீழே இருந்த என் பெயரை விட்டுவிட்டு மேலே இருந்த முகவரியைச் சுற்றி வட்டம் போட்டேன். சீட்டைச் சட்டையில் ஊக்கால் குத்திக்கொண்டேன். லாரிக்காரர்கள் டீ குடிக்கப் போன நேரத்தில் துணி மூட்டைகளுக்கு நடுவே ஏறி உட்கார்ந்துவிட்டேன். கையில் இரண்டு வாழைப்பழம், அரை ரொட்டி. பக்கத்துக் கூடையில் கோழிக்குஞ்சுகள். ரொட்டியில் பாதி அவற்றுக்கே போய்விட்டது. லாரி ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்கி ஏறியபோது குஞ்சுகளும் கத்தின, நானும் கத்தினேன். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

நாலு மணி நேரம் கழித்து லாரியின் பின்கதவு திறந்தது. மூட்டை தூக்குகிறவர் என் மேலிருந்த மூட்டையைத் தூக்கினார். அப்படியே கீழே போட்டார்.

"அக்கா! இங்க ஒரு பார்சல் முழிச்சுப் பாக்குது!"

சணலக்கா மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வந்தாள். என்னைப் பார்த்து அதிர்ச்சியடையவில்லை. "சீட்டு இருக்கா?" என்றாள்.

"இருக்கு" என்று நெஞ்சை நிமிர்த்திக் காட்டினேன். குனிந்து படித்தாள். இன்னொரு முறை படித்தாள். அவள் முகம் வெளுத்துப் போனது. அது அவளுடைய கையெழுத்து. அது அவள் உட்கார்ந்திருக்கிற ஆபீஸ்.

"எங்கப்பா வீடு எங்க?" என்றேன். எதிரே தராசும், மூட்டைகளும், இரும்பு அலமாரியும்தான் இருந்தன. வீடு மாதிரி எதுவும் இல்லை.

அவள் பக்கத்திலிருந்த ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தாள். "என் கை சும்மா இருந்திருக்கலாம்" என்று முணுமுணுத்தாள். பிறகு ஆளே மாறிவிட்டாள். எங்கள் ஊர் ஆபீசுக்குப் போன் போட்டு, "பக்கத்துத் தையற்கடையில போய், புள்ள பத்திரமா இருக்குன்னு சொல்லு. ஓடு! மத்ததெல்லாம் அப்புறம்" என்று கத்தினாள். எனக்கு டீயும் பன்னும் வரவழைத்தாள். பன்னைத் தின்றுகொண்டே தராசில் ஏறி நின்றேன். இருபத்திரண்டு கிலோ காட்டியது. அந்தப் பதற்றத்திலும் சணலக்கா அதைக் குறித்துக்கொண்டாள்.

"எதுக்கு இப்படி வந்தே? அம்மா தவிச்சுப் போயிருக்க மாட்டாளா?"

வராத அடுத்த மாதத்தின் கதையையும், கவுன் கதையையும், சின்னப் பெண் கதையையும் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, "உங்கப்பன்கூட நான் எந்தப் பொண்ணையும் பாத்ததில்ல" என்றாள். பிறகு நிஜத்தை மறைக்கத் தெரியாதவளாக, "ஆனா ஆளை எனக்கு முழுசாத் தெரியாது. ஒரு தடவை அவர் பையில ஒரு துண்டுக் கயிறு இருந்தது. குடு, பார்சலை இறுக்கிக் கட்டித் தரேன்னு கேட்டேன். முடியாதுன்னுட்டார். கயிறு குடுக்காத மனுஷனை நான் எப்படி நம்பறது?" என்றாள்.

அப்பா வேலை செய்த ரிக் வண்டி எங்கே நிற்கிறது என்பது அவளுக்குத் தெரியும். பாறையைத் துளைக்கிற பிட் உடைந்து போய், புதிதாக ஒன்று அதே லாரியில், எனக்குப் பின்னால் ஒரு மரப்பெட்டியில் வந்திருந்தது. அதைக் கொண்டுபோகிற சிறிய வண்டியில் அவளும் ஏறினாள், என்னையும் ஏற்றினாள். இருபத்திரண்டு வருடத்தில் அவள் கவுன்டரை விட்டுப் போனது அன்றுதானாம். மூட்டை தூக்குகிறவர் வாயைப் பிளந்து நின்றார்.

காட்டு வெளியில் ரிக் வண்டி சத்தமில்லாமல் நின்றது. நிழலில் ஆறேழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். உடைந்த பிட்டைக் குழியிலிருந்து எடுத்ததில் எல்லார் மேலும் பாறைத் தூள். மாவில் புரட்டி எடுத்த மாதிரி எல்லாரும் ஒரே மாதிரி இருந்தார்கள். என் அப்பா யார் என்று எனக்கே தெரியவில்லை.  ஒருவர் எழுந்தார். அவர் கண் முதலில் என் நெஞ்சுக்கு நேராகத் தேடியது. பிறகுதான் மேலே ஏறி என் முகத்துக்கு வந்தது.

"கண்ணு?" என்றார்.

நான் அவரிடம் ஓடவில்லை. சுற்றுமுற்றும் அந்தச் சின்னப் பெண்ணைத் தேடினேன்.

ரிக் வண்டி முதலாளி பெட்டியை நோக்கி வந்தார். "நல்லவேளை! இறக்குங்க, ரெண்டு நாளா வேலை நிக்குது." சணலக்கா பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

"இறக்கலாம். இவருக்கு எப்ப லீவு?"

"இப்ப ஆள் இல்லம்மா. அடுத்த மாசம் பாக்கலாம்."

"அந்த அடுத்த மாசத்தை ரெண்டரை வருஷமா நானே பார்சல்ல அனுப்பிக்கிட்டிருக்கேன். இன்னைக்கு வேணும்."

"பொருளைத் தராம நிறுத்தி வெக்கிறீங்களா? உங்க மேலதிகாரிகிட்டச் சொல்லுவேன்."

"சொல்லுங்க. போன் நம்பர் சீட்டுலயே இருக்கு. நல்லாத் தெளிவா எழுதியிருக்கேன்."

 வந்த சாமானை ஒரு மணி நேரம் நிறுத்தாதவள் அவள். முதலாளி அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் சட்டையில் குத்தியிருந்த சீட்டைப் பார்த்தார். "பதினஞ்சு நாள். ஒரு நாள் கூடக் கூடாது" என்றார். சணலக்கா பெட்டியை விட்டு இறங்கினாள். பெட்டிக்கு ஒரு கையெழுத்து வாங்கினாள், எனக்கென்று அப்பாவிடம் இன்னொன்று வாங்கினாள். 

அப்பா என் முன்னால் மண்டியிட்டார். "எதுக்குடா கண்ணு இப்படி வந்தே?"

"அந்தப் பொண்ணு எங்க?"

"எந்தப் பொண்ணு?"

"உங்ககூட இருக்கிற சின்னப் பொண்ணு. அவளுக்கு அளவு பாத்துதானே எனக்குக் கவுன் அனுப்புறீங்க? அத்தனையும் அவ அளவுதான். எனக்கு ஒண்ணுகூடச் சேரல."

அப்பாவுக்குப் புரியச் சற்று நேரமானது. புரிந்ததும் மேல் சட்டைப் பையில் கைவிட்டு, பிளாஸ்டிக் தாளில் சுற்றிய ஒரு கயிற்றை எடுத்தார். இரண்டு முனையிலும் முடிச்சு. குழியில் ஆழம் பார்ப்பதற்கு அவர்கள் முடிச்சுப் போட்ட கயிறுதான் வைத்திருப்பார்கள். எதை அளப்பதென்றாலும் அவருக்குக் கயிறுதான் தெரியும்.

"நான் கிளம்பின அன்னைக்குக் காலையில நீ தூங்கிக்கிட்டிருந்தே. தலையிலேர்ந்து கால் வரைக்கும் அளந்து எடுத்துக்கிட்டேன். துணிக்கடைக்கு இதைத்தான் கொண்டுபோவேன்" என்றார். ஒரு முடிச்சை என் குதிகாலில் வைத்து மேலே இழுத்தார். அடுத்த முடிச்சு என் மேலுதட்டில் வந்து நின்றுவிட்டது. அதற்கு மேலே இருந்த என்னை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பாறைத் தூள் படிந்த முகத்தில் இரண்டு கோடு இறங்கியது.

"குழி போட்டா போட்ட ஆழத்துலயே இருக்கும்மா. அந்தப் புத்தியிலயே இருந்துட்டேன்" என்றார். "என்கூட இருந்த சின்னப் பொண்ணு இதுதான்."

அதற்குப் பிறகு நான் அழுத அழுகையை விவரிக்க மாட்டேன். எனக்கும் மானம் இருக்கிறது.

ஆபீசுக்குத் திரும்பியதும் அப்பா அந்தக் கயிற்றைச் சணலக்காவிடம் நீட்டினார். "அன்னைக்குக் கேட்டீங்க, குடுக்கல. இப்ப வெச்சுக்குங்க."

"அளவு தப்பின கயிறு எனக்கெதுக்கு?" என்று எரிந்து விழுந்தாள். டிராயரைத் திறந்து சணல் பந்தை எடுத்தாள். என்னைச் சுவரோடு நிறுத்தி, குதிகாலிலிருந்து உச்சந்தலை வரை பிடித்தாள். கத்தரிக்கோலை அங்கே வைத்தாள். பிறகு எடுத்துவிட்டாள். இன்னும் ஒரு சாண் கயிற்றை உருவி, அதற்கு அப்பால் வெட்டினாள்.

"புள்ளைக்கு அளவு எடுத்தா கூட விட்டு வெட்டணும். இதுகூடவா தெரியாது?" என்று அப்பாவைத் திட்டிக்கொண்டே அவர் சட்டைப் பையில் அதைத் திணித்தாள். மூட்டை தூக்குகிறவர் என் காதருகே குனிந்து, "அக்கா கூட விட்டு வெட்டி நான் பாத்ததே இல்ல" என்றார்.

சாயங்கால பஸ்ஸில் நானும் அப்பாவும் வீட்டுக்குப் போனோம்.