ராஜமேரி வீட்டுக் கம்ப்யூட்டரில் கோழி

மாரண்டஹள்ளியில் ராஜமேரி வீட்டுக்கு யார் எதைக் கொடுத்தனுப்பினாலும் பாத்திரம் வெறுமையாகத் திரும்பாது. மீன் குழம்பு வந்த கிண்ணத்தில் நாலு தக்காளியாவது போகும். ஒன்றுமே இல்லாத நாளில் ஒரு கைப்பிடி சர்க்கரை. கழுவிய கிண்ணத்தை அப்படியே நீட்டுவது அவளுக்கு எதிராளியின் முகத்தில் அடிப்பது மாதிரி.

இருபது வருஷம் டைப்பிங் சொல்லிக் கொடுத்தவள். எண்பத்தெட்டில் இன்ஸ்டிடியூட்டை மூடிவிட்டார்கள். அடுத்த வருஷம், பெங்களூரில் வேலை பார்க்கும் அவள் தம்பி சின்னப்பராஜ், கம்பெனியில் கழித்துவிட்ட ஒரு கம்ப்யூட்டரையும் பிரிண்டரையும் கொண்டுவந்து நடு வீட்டில் வைத்துவிட்டுப் போனான். பங்குச்சாமியாரை அழைத்து அதை மந்திரித்தார்கள். அவர் தீர்த்தம் தெளிக்கக் கையைத் தூக்கியபோது தம்பி பாய்ந்து போய்த் துண்டைப் போர்த்தினான்.

அந்த மெஷினுக்குத் தானாக மணி தெரியாது. காலையில் போட்டதும் இன்றைக்கு என்ன தேதி, மணி என்ன என்று கேட்கும். ராஜமேரி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நிமிஷம் பிசகாமல் அடித்துக் கொடுப்பாள். கேட்பது மெஷினானாலும் பொய் சொல்லக் கூடாது என்பது அவள் கொள்கை. அதன் பிறகு சாயங்காலம் வரை அதை அணைக்க மாட்டாள்.

முதல் வாடிக்கையாளர் பாலக்கோட்டுத் தீர்த்தகிரி. கல்லூரி ஆசிரியர். சித்தேரி மலையில் சாமை விதைப்பதைப் பற்றி ஐந்து வருஷமாக ஆராய்ச்சி செய்து, அதை இங்கிலீஷில் கட்டுரையாக எழுதிக்கொண்டிருந்தார். வியாழக்கிழமைதோறும் மாலையில் வந்து, அடித்த பக்கங்களைத் திரையில் சரிபார்ப்பார். முதல் தடவை அவர் கொண்டுவந்த பிளாப்பியில் கட்டுரையின் ஆரம்பப் பக்கங்கள் சிலவற்றோடு ஒரு விளையாட்டும் இருந்தது. மேலே கோழி முட்டை போடும். கீழே கூடையை நகர்த்திப் பிடிக்க வேண்டும். அதையும் ராஜமேரி மெஷினில் ஏற்றிக்கொண்டாள். அதற்குப் பிறகு யார் பிளாப்பி திரும்பிப் போனாலும் கூடவே கோழியும் போயிற்று. வெறும் பிளாப்பியை எப்படித் திருப்பிக் கொடுப்பது?

வீட்டில் மட்டும் கோழிக்குத் தடை. அல்போன்ஸ் அதன் பக்கமே போகக் கூடாது என்று சொல்லி வைத்திருந்தாள். அல்போன்ஸ் அவள் கணவர். ஓசூர் போகிற தனியார் பஸ்ஸில் கண்டக்டர். ஒரு நாள் டியூட்டி, ஒரு நாள் ஓய்வு.

டிஸ்க்கில் எவ்வளவு இடம் மிச்சம் என்று மெஷின் காட்டும் கடைசி வரியை, அரிசி டிரம்மைத் தட்டிப் பார்ப்பது போல ராஜமேரி தினமும் பார்ப்பாள். ஆகஸ்ட் கடைசியிலிருந்து அது சரிந்துகொண்டே வந்தது. அவள் அடித்தது நாலு பக்கம் என்றால் குறைந்தது நானூறு பக்க இடம். கோப்புகளின் பட்டியலில் புதிதாக ஒன்றும் இல்லை. அல்போன்ஸ் எதையோ குடைந்திருக்கிறார் என்று அவள் முடிவு கட்டினாள். அவர் மாதா படத்தைப் பார்த்து இல்லை என்றார்.

நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, கட்டுரையின் கடைசி அத்தியாயத்தைச் சேமிக்கப் போனபோது மெஷின் இடமில்லை என்று சொல்லிவிட்டது. சனிக்கிழமை மாலைக்குள் மதராஸ் பல்கலைக்கழகத்தில் ஒப்படைக்காவிட்டால் தீர்த்தகிரியின் டாக்டர் பட்டப் பதிவே ரத்தாகிவிடும். அதற்கு முந்தைய ஐந்து அத்தியாயமும் முழுதாக அந்த டிஸ்க்கில்தான் இருந்தன, வேறெங்கும் இல்லை.

அவள் பஸ் ஸ்டாண்டு எஸ்டிடி பூத்துக்கு ஓடித் தம்பியைப் பிடித்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, யாராவது விளையாட்டு ஏதும் ஏற்றினார்களா என்றான் தம்பி.

"ஒரு கோழி இருக்குதுப்பா."

அந்தப் பக்கம் அவன் நாற்காலியை இழுத்து உட்காரும் சத்தம் கேட்டது. பிறகு, "போன மாசம் என் பிளாப்பியில வெச்சு அனுப்பினியே, அதாக்கா?" என்றான். அவன் ஆபீஸிலும் இரண்டு மெஷினில் இடம் காணாமல் போய்க்கொண்டிருந்ததாம். அவனும் ஒரு வாரமாகத் தேடிக்கொண்டிருந்தானாம். அந்தக் கோழி வைரஸ் பிடித்தது. திறக்கும் ஒவ்வொரு முறையும் தன்னைப் போலவே இன்னொன்றைப் பட்டியலில் தெரியாமல் ஒளித்து வைத்துவிடும். எந்தப் பிளாப்பியையும் மெஷினுக்குள் விடாதே, ஒளிந்திருப்பதைக் காட்டும் புரோகிராமை நான் அனுப்புகிறேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான்.

புதன்கிழமை அல்போன்ஸுக்கு டியூட்டி. பெங்களூர் பஸ் கண்டக்டர் ஓசூரில் கொடுத்த பொட்டலத்தைச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தார். உள்ளே இருந்த பிளாப்பியின் ஓரத்து வெட்டை மறைத்துத் தம்பி கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தான். அதில் யாரும் எதையும் ஏற்ற முடியாது, அக்காவாலும்.

வியாழன் மாலை தீர்த்தகிரியும் வந்துவிட்டார். முகம் வெளுத்திருந்தது. மூன்று பேரும் மெஷின் முன் உட்கார்ந்தார்கள். புரோகிராம் ஓடி முடித்து, ஒளிந்திருப்பவை நூற்று நாற்பத்து மூன்று என்றது. ஒவ்வொன்றாகக் காட்டி, அழிக்கலாமா என்று கேட்டது. பக்கத்திலேயே, அது உண்டான தேதியும் மணியும்.

அல்போன்ஸ் ஸ்டாப் பெயர் சொல்லும் குரலில் படிக்க, ராஜமேரி பட்டனை அழுத்தினாள். மூன்றாவதிலேயே அவள் கை நின்றது. "செப்டம்பர் மூணு, ஞாயித்துக்கிழமை, காலை எட்டரை. நான் பூசைக்குப் போயிருந்தேன். உங்களுக்குத் தலைவலின்னு படுத்திருந்தீங்க."

அல்போன்ஸ் தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்ததைப் படித்தார். அவருடைய ஓய்வு நாட்கள் எல்லாம் வரிசையாக வந்தன. அவள் காய் வாங்கப் போன மணி, தண்ணீர் பிடிக்கப் போன மணி. ராஜமேரி ஒவ்வொன்றுக்கும் பட்டனை ஓங்கி அழுத்தினாள்.

பிறகு அவர் குரல் மெதுவாக மாறியது. "செப்டம்பர் பன்னண்டு, மத்தியானம் ரெண்டு பத்து. ரெண்டு இருவத்தஞ்சு. ரெண்டு நாப்பது." நிமிர்ந்தார். "அன்னிக்கு நான் ஓசூர்ல இருந்தேன். ஏம்மே, ரெண்டு மணிக்குக் கதவைச் சாத்திட்டு ஜெபமால சொல்றேன்னு சொல்லுவியே, எத்தனை முட்ட சொன்ன?"

"அழிக்கணும், படிங்க" என்றாள் ராஜமேரி. காது சிவந்திருந்தது.

தீர்த்தகிரி சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்கும் நேரம் வந்தது. அக்டோபர் ஐந்து, வியாழன், மாலை ஐந்து கால். அடுத்த வியாழன், ஐந்து இருபது. ராஜமேரி காப்பி போட உள்ளே போகும் நேரம்.

"சரிபாக்கறதுக்கு ஒரு மணி நேரம் ஆவுதுன்னு சொன்னீங்களே சார்."

"ரெண்டு மூணு தடவதாங்க டீச்சர்."

பதினேழு என்று மெஷின் சொன்னது. அதற்குப் பிறகு யாரும் யாரையும் பார்க்கவில்லை. நூற்று நாற்பத்து மூன்றாவது போனதும் ராஜமேரி கடைசி வரியைப் பார்த்தாள். டிரம் நிறைந்திருந்தது. தம்பி சொன்னபடி தாய்க் கோழியையும் அழித்தாள். அழிக்கலாமா என்று மெஷின் கேட்டபோது நீங்களே அழுத்துங்கள் என்று மூவரும் மாறி மாறிச் சொன்னார்கள் என்பது உண்மை.

அன்று இரவே கடைசி அத்தியாயத்தை அவள் திரும்ப அடித்து டிஸ்க்கில் ஏற்றினாள். வெள்ளிக்கிழமை பூராவும் பிரிண்டர் கரகரவென்று ஓடியது. அல்போன்ஸ் டியூட்டியை மாற்றிக்கொண்டு, காகிதம் சிக்காமல் பிடித்துக்கொண்டிருந்தார். தீர்த்தகிரி கட்டுரையை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு மதராஸ் பஸ் ஏறினார். சனிக்கிழமை மூன்று மணிக்கே ஒப்படைத்துவிட்டதாகத் தந்தி வந்தது.

அடுத்த வாரம் ராஜமேரி ஊர் ஊராகப் போய், கோழி போன நாலு வீட்டிலும் பிளாப்பியைக் கேட்டு வாங்கிவந்தாள். பாலக்கோட்டில் ஒருத்தி கோழியைத் தர மாட்டேன் என்று சண்டைக்கே வந்தாள்.

டிசம்பரில், அவள் கட்டுரையின் நகலை வைத்துக் கொடுத்திருந்த புதுப் பிளாப்பியைத் தீர்த்தகிரி திருப்பிக் கொண்டுவந்தார். கையில் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

"இதுல என்னங்க சார் இருக்குது?"

அவர் தரையைப் பார்த்தார். "வெறுமையா எப்படிங்க டீச்சர் தர்றது? ஒரு தவள இருக்குது. கெணத்துல இருந்து மேல ஏறும். எத்தன படி ஏறுச்சுன்னு தேதி போட்டு எழுதி வெச்சுக்கும்."

அவர் போனதும் ராஜமேரி தம்பியின் புரோகிராமை ஓட்டி, தவளைக்குள் ஒன்றும் ஒளிந்திருக்கவில்லை என்று பார்த்துக்கொண்டு மெஷினை அணைத்தாள். மறுநாள் அல்போன்ஸ் ஓசூருக்குப் போயிருந்தார்; காலையில் அவள் மெஷினைப் போடவில்லை. மத்தியானம் இரண்டு மணிக்குக் கதவைச் சாத்திவிட்டு வந்து மெஷினைப் போட்டாள். அது வழக்கம்போலத் தேதி கேட்டது.

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. நேற்றைய தேதியை அடித்தாள். நேற்று அல்போன்ஸுக்கு ஓய்வு.