ஏழாம் அறையின் காற்று

அயனாவரத்தில் தையற்கடை வைத்திருப்பவள் நான். வாரத்தில் ஒரு நாள் கடையை மூடிவிட்டு, ஒரே பகலில் சென்று திரும்பத்தக்க இடங்களைப் பார்த்து இங்கே எழுதி வருகிறேன். "சென்னைக்குள்ளேயே, கைக்கு எட்டும் செலவில், ஓவியம் பார்க்க இடம் உண்டா?" என்று வாசகி ஒருவர் கேட்டிருந்தார். அந்த வினாவுக்கு விடை தேடித்தான் சென்ற தை மாதத்து வியாழக்கிழமை ஒன்றில் திருவொற்றியூருக்கு அப்பாலுள்ள ஓர் ஓவிய மாளிகைக்குச் சென்றேன். பயணம் முடிந்த மறுநாளே எழுதியிருக்க வேண்டிய பதிவு நான்கு மாதங்கள் தாழ்ந்தது. இடையில் மீண்டும் ஒரு முறை அங்கே செல்ல நேர்ந்தது. அதையும் சேர்த்தே எழுதுகிறேன். மாளிகையின் பெயரையும் அதை நடத்தும் அறக்கட்டளையின் பெயரையும் நான் குறிப்பிடவில்லை. இதில் வரும் மனிதர்களின் பெயர்களும் மாற்றப்பட்டவை. வழி கேட்டுச் செல்லப் போதுமான அளவுக்குச் சொல்லியிருக்கிறேன்.

காலை 8.10 மணிக்கு அயனாவரத்தில் பேருந்து ஏறி 8.45க்குச் சென்ட்ரல் சேர்ந்தேன். பெண்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்து. அங்கிருந்து மெட்ரோவில் திருவொற்றியூர் தேரடிக்கு முப்பது ரூபாய், இருபத்தைந்து நிமிடங்கள். தேரடியில் இட்லியும் வடகறியும் ஐம்பத்தைந்து ரூபாய்க்கு உண்டேன். வடகறி நன்று, தட்டை மூடிக்கொண்டே உண்ண வைத்த கரித்தூள் நன்றன்று.

பின்னர் எண்ணூர் செல்லும் ஷேர் ஆட்டோவில் ஏறி, "அருங்காட்சியகத்தில் இறக்கிவிடுங்கள்" என்றேன்.

ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார். "செத்த காலேஜா? அதுக்கு எக்மோருக்கு இல்ல போவணும்? இங்க எங்க வந்துகினுகீற?"

"எழும்பூர் அருங்காட்சியகமன்று. ஒரு வணிகர் வாழ்ந்த மாளிகை. உள்ளே ஓவியங்கள் வைக்கப்பட்டுள்ளன."

"பொம்ம பங்களா! அத்த சொல்லேன்க்கா. நீ நியூஸ் வாசிக்கிற மாரி பேசிகினு வந்தீனா நா எப்டி வண்டி ஓட்றது?"

உடன் வந்த மீன்காரப் பெண்மணி சிரித்தார். நானும் சிரித்தேன். என் பேச்சைக் குறித்து இவ்வாறு கேட்பது எனக்குப் புதிதன்று. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான். பிறகு கற்ற தமிழ் முழுவதும் நூலக மேசையில் நானே கற்றது. அதை வீட்டுக்கு ஒன்று, வெளிக்கு ஒன்று எனப் பிரித்து வைத்துக்கொள்ள எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள விருப்பமும் இல்லை.

மூன்று கிலோமீட்டர் தொலைவுதான். கன்டெய்னர் லாரிகளின் வரிசையை ஒட்டி ஊர்ந்து செல்ல இருபத்தைந்து நிமிடங்களாயின. "ரோடு லாரிக்கு, ஓரம் நமக்கு" என்றார் ஓட்டுநர். கட்டணம் இருபது ரூபாய். மேற்கே மணலி எண்ணெய் ஆலைகளின் பக்கத்திலிருந்து அழுகிய முட்டையும் மண்ணெண்ணெயும் கலந்தாற்போன்ற நெடி வீசியது. முந்தானையால் மூக்கை மூடியவள் நான் ஒருத்தியே.

மாளிகை, இரண்டு கன்டெய்னர் கிடங்குகளுக்கு நடுவே நிற்கிறது. துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்கு அரிசி, காய்கறி, கயிறு, சாயம் முதலியவற்றை விற்றுப் பெரும்பொருள் ஈட்டிய வணிகர் ஒருவர் கட்டியது. கப்பல் தலைவர்களிடமிருந்து ஓவியம் வாங்கத் தொடங்கி, பின்னர் அதுவே பித்தாகி, இறக்கும்போது வீடு கொள்ளாத அளவுக்குச் சேர்த்து வைத்திருந்தாராம். நுழைவுக் கட்டணம் ஐம்பது ரூபாய். காலை பத்து முதல் மாலை ஐந்து வரை. செவ்வாய் விடுமுறை. ஒளிப்படம் எடுக்க அனுமதி இல்லை.

முதல் ஆறு அறைகளில் எண்ணெய் வண்ண ஓவியங்கள், கப்பல் மாதிரிகள், கருங்காலி இருக்கைகள். இரண்டாம் அறையில் வணிகரின் முழு உருவப் படம். அவர் முகத்தைக் காட்டிலும் கைவிரல்களை ஓவியர் கருத்தாக வரைந்திருக்கிறார். பொருளைத் தொட்டுப் பார்த்தே விலை சொல்லும் விரல்கள். ஆனால் எந்தப் படத்தையும் உடனே பார்க்க இயலவில்லை. கண்ணாடிகளின்மீது கரிய பூச்சு. பணிப்பெண் ஒருவர் எனக்கு ஓர் அறை முன்னதாகச் சென்று ஒவ்வொன்றையும் துடைத்துக்கொண்டே போனார். அவர் பிலோமினா, நாற்பது வயதிருக்கும்.

"ஒரு நாளைக்கு மூணு தபா தொடைக்கணும்க்கா. காலைல வெள்ளத் துணி. சாய்ங்காலம் பாத்தா இன்னா கலர்னு நீங்களே சொல்லுங்க" என்று துணியை விரித்துக் காட்டினார். அடுப்புக்கரி துடைத்தது போலிருந்தது.

ஏழாம் அறைக்கு இரட்டைக் கதவு. காகிதத்தில் வரைந்த நீர்வண்ண ஓவியங்களும் மைக்கோட்டுப் படங்களும் அங்கே உள்ளன. அவற்றுக்கெனக் குளிர்சாதனமும் காற்றை வடிகட்டும் பொறியும் இரவு பகலாக இயங்குகின்றன. உள்ளே நுழைந்ததும் என் மார்பு தானாக விரிந்தது. காலை முதல் பாதி மூச்சுதான் விட்டுக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

அறையின் நடுவே ஒரு நீள் இருக்கை. அதில் ஒருவர், எதிரிலிருந்த ஒரே படத்தை நோக்கி அசையாமல் அமர்ந்திருந்தார். பாதி பிளந்த பலாப்பழத்தின் நீர்வண்ண ஓவியம் அது. நான் அறையைச் சுற்றி வந்து முடிக்க அரை மணி நேரமாயிற்று. அவர் பார்வை திரும்பவில்லை. இத்தகைய சுவைஞர் ஒருவரோடு பேசாமல் போவது தகாது என்று கருதி அருகே அமர்ந்தேன்.

"ஐயா, இந்த ஓவியத்தில் தாங்கள் எதைக் காண்கிறீர்கள்?"

அவர் என்னை ஒருமுறையும் படத்தை ஒருமுறையும் பார்த்தார். "பலாப்பயம்."

"அது தெரிகிறது. இவ்வளவு நேரம்…"

"நா படம் பாக்க வர்லம்மா. மூச்சு வுட வந்துகீறேன்."

அவர் பெயர் ராயப்பன். பிலோமினாவின் கணவர். கப்பல்களின் அடித்தொட்டிகளுக்குள் இறங்கித் துருவைச் சுரண்டும் ஒப்பந்த வேலையைப் பதினெட்டு ஆண்டுகள் செய்தவர். இப்போது அவர் நுரையீரலில் பாதிதான் வேலை செய்கிறது. ஒரு வாக்கியத்தை இரண்டு தவணையாகச் சொன்னார். "காலைல தரைக் காத்து. மணலிலர்ந்து அப்டியே வரும். ஒரு மணிக்கு மேல கடல் காத்து வந்துடும், அப்பால வூட்ல இருக்கலாம். அதுவரிக்கும் இங்க. இவ கதவத் தொறந்து வுட்ருவா. ஒரு ஓரமா குந்திகினு இருப்பேன்." பிறகு பலாப்பழத்தைக் காட்டி, "மொத ரெண்டு நாளு இத்தப் பாத்தா பசிக்கும். இப்ப ஒண்ணும் தெர்ல" என்றார்.

பிலோமினா உள்ளே வந்து, "இன்னாய்யா, கஸ்டமர ரவுசு பண்றியா?" என்று அதட்டினார். அவர் வெறும் காற்றாகச் சிரித்தார்.

என் நெஞ்சு நெகிழ்ந்தது. புறப்படும்போது வாயிலருகே பார்வையாளர் கருத்தேடு இருப்பதைக் கண்டேன். "நன்று", "சூப்பர்", "டாய்லெட் கிளீன்" என்ற அளவில்தான் பலரும் எழுதியிருந்தனர். நான் நின்று நிதானமாக எழுதினேன். எழுதியதை இங்கே மாற்றாமல் தருகிறேன்:

"ஓவியங்களைக் காக்கும் தூய காற்றை, மூச்சுத் திணறலால் வாடும் உழைப்பாளி ஒருவருக்கும் நாள்தோறும் ஏழாம் அறையில் பகிர்ந்தளிக்கும் இம்மாளிகையாரின் அறவுள்ளம் போற்றத்தக்கது. கலை மனிதர்க்கே என்பதை இங்கே கண்டேன்."

அதை அறக்கட்டளையே அனுமதித்திருக்கிறது என்று நான் நினைத்தேன். எவரிடமும் கேட்கவில்லை. தொலைவில் நின்ற பிலோமினா, "கையெழுத்து அச்சடிச்சா மாரி கீதுக்கா" என்றார். அந்தப் பாராட்டோடு வீடு திரும்பினேன்.

ஆறு வாரங்கள் கழித்து, மாசி மாதத்து ஞாயிறன்று, விட்டுப்போன சில குறிப்புகளைச் சரிபார்க்க மீண்டும் சென்றேன். அதே வழி, அதே செலவு. காலை பத்தரை மணி. ஏழாம் அறையின் கதவு பூட்டியிருந்தது. அதன்மேல் ஓர் அறிவிப்பு:

"இப்பகுதியின் காற்று காகித ஓவியங்களுக்கு உகந்ததன்று என அறியப்பட்டமையால், இவ்வறையின் படைப்புகள் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றப்பட்டுள்ளன. பார்வையாளர்களுக்கு நேரும் இடர்ப்பாட்டுக்கு வருந்துகிறோம்."

ஒற்றுப்பிழைகூட இல்லாத தமிழ். இருமுறை படித்தேன். உள்ளே பொறியின் ஓசை இல்லை.

கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்த புதிய பணியாளரிடம் பிலோமினா எங்கே என்று கேட்டேன்.

"அத்த நிறுத்திட்டாங்க. புருசன ரூம்ல குந்த வெச்சுதாம். மாசக் கடைசில ட்ரஸ்ட்காரங்க வந்து நோட்டப் படிப்பாங்க. யாரோ ஒரு படிச்ச பொம்பள வந்து பக்கா தமிழ்ல எழுதிட்டுப் போயிகீது. தெனிக்கும் ஆளு வந்து மூச்சு வுட்டா படம் கெட்டுப்பூடும்னு செக் பண்ணாங்க. செக் பண்ணப்போ இந்த ஊரு காத்தே சரியில்லன்னு தெரிஞ்சு, மொத்தத்தையும் பெட்டில கட்டி சிட்டிக்கு அந்தாண்ட எடுத்துனு பூட்டாங்க."

என்னைப் படித்தவள் என்று ஒருவர் சொல்லிக் கேட்பது என் வாழ்வில் அதுவே முதல் முறை.

"அதை எழுதியவள் நான்தான்" என்றேன்.

அவர் துணியைக் கீழே வைத்தார். பிறகு, "எய்தாம போயிருக்கலாம்ல" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கேட்டபோது பிலோமினாவின் வீட்டுக்கு வழியும் சொன்னார்.

மாளிகையிலிருந்து பதினைந்து நிமிட நடை. சுனாமிக்குப் பின் கட்டிக் கொடுத்த அடுக்குக் குடியிருப்பு. மூன்றாம் மாடி. வாசலில் நின்று நான் யார், என்ன செய்தேன் என்று முறையாகச் சொல்லத் தொடங்கினேன். பிலோமினா இடைமறித்து, "தெரியும்க்கா. நோட்டக் காட்டித்தான வெளிய அனுப்பிச்சாங்க. உள்ள வாங்க" என்றார். இப்போது ராயபுரத்தில் ஒரு கூடத்தில் இறால் உரிக்கிறார். விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. ஞாயிறு என்பதால் வீட்டில் இருந்தார்.

சன்னல்கள் சாத்தப்பட்டு, இடுக்குகளில் ஈரத்துணி செருகப்பட்டிருந்தது. ராயப்பன் கட்டிலில், இரு கைகளையும் முழங்கால்களில் ஊன்றி, முன்னுக்குச் சாய்ந்து அமர்ந்திருந்தார். தை மாதத்தில் ஒரு வாக்கியத்தை இரண்டு தவணையாகச் சொன்னவர், இப்போது நான்காகச் சொன்னார்.

"அறக்கட்டளையாருக்கு ஒரு விண்ணப்பம் எழுதித் தருகிறேன்" என்றேன். "என் அறியாமையால் நேர்ந்தது என விளக்கி, உங்களுக்கு மீண்டும் அந்தப் பணியை…"

"வேணாங்க்கா. எழுதாதீங்க." பிலோமினா கையெடுத்துக் கும்பிட்டார். என்னை நோக்கி ஒருவர் அவ்வாறு கும்பிடும்படி நான் நடந்துகொண்டதை எழுதக் கூசுகிறேன், எழுதாமலிருப்பதும் சரியன்று. "நீங்க பொய்யா எழுதனீங்க? உள்ளதத்தான எழுதனீங்க. பொய்யின்னா இல்லன்னு சொல்லிட்டு வேலைல இருந்திருப்பேன்."

ராயப்பன் கையை உயர்த்தினார். ஏதோ கேட்க விரும்பினார். காத்திருந்தோம்.

"படத்தெல்லாம்… காத்து சரியில்லன்னு… வேற எடத்துக்கு… கூட்டினு பூட்டாங்களாமே?"

"ஆம் ஐயா."

"குடுத்து வெச்ச படம்" என்றார். சிரிக்க முயன்று இருமலில் முடிந்தது. பிலோமினா அவர் முதுகை நீவினார். நான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். அதைத் தவிர அன்று நான் அவருக்குச் செய்ய முடிந்தது எதுவுமில்லை.

இப்பயணத்தைப் பதிவிடலாமா என்று சென்ற வாரம் பிலோமினாவிடம் கேட்டேன். "எழுதிக்கோங்க. இனிமே போறதுக்கு இன்னா கீது" என்றார். முழுவதையும் தொலைபேசியில் படித்துக் காட்டி, அவர் நீக்கச் சொன்ன இரண்டு இடங்களை நீக்கிய பின்னரே வெளியிடுகிறேன். இனி எதையும் இவ்வாறே எழுதுவேன். சொற்களைப் பிழையின்றி அமைப்பதே எழுத்தின் பொறுப்பு என்று இத்தனை ஆண்டுகள் நம்பியிருந்தேன். அவற்றை யார் படிப்பார்கள், படித்துவிட்டு யாரிடம் போவார்கள் என்பதை எந்த நூலக மேசையும் எனக்குக் கற்றுத் தரவில்லை.

செல்ல விரும்புவோருக்குச் சில குறிப்புகள். சென்ட்ரலிலிருந்து போகவர ஒருவருக்கு நுழைவுக் கட்டணம் உட்பட நூற்றைம்பது ரூபாய் போதும், உணவு தனி. உள்ளே சிற்றுண்டியகம் இல்லை. ஆறு அறைகளைப் பார்க்க ஒன்றரை மணி நேரம் ஆகும். ஏழாம் அறை வழிகாட்டிப் பலகையில் இன்னும் இருக்கிறது. அதைத் திறக்கும்படி பணியாளர்களிடம் கேட்க வேண்டாம், உள்ளே ஒன்றும் இல்லை. மற்ற அறைகளில் யாரேனும் அமர்ந்திருக்கக் கண்டால், ஏன் அமர்ந்திருக்கிறார் என்று அவரிடமே கேளுங்கள். அவர் சொல்வதை அவரிடமே விட்டுவிட்டு வாருங்கள்.

இன்னொன்று. பத்து மணிக்குத் திறக்கிறார்களே என்று காலையில் புறப்பட வேண்டாம். பகல் ஒரு மணிக்கு மேல் சென்றால் கடற்காற்று எழுந்திருக்கும். நெடி குறைவு, மூச்சுக்குத் தொல்லை இராது. பார்க்கச் செல்கிற நாம் ஒரு மணிக்குப் பிறகு செல்லலாம்.