விளாங்குடிக் குழியில் கிடைத்த பச்சை உருண்டை

பழைய உலோகத்தைத் துலக்கும் தொழிலில் துருவும் களிம்பும் ஒரு தொந்தரவே இல்லை. கூட வரும் மனிதர்களைத்தான் எந்தக் கரைசலிலும் ஊறவைக்க முடியாது. வெள்ளிக்கிழமைதோறும் குத்துவிளக்கு துலக்கித் தோள்பட்டை கழன்றவர்களுக்கும், ஒரு கையெழுத்துக்காகச் சர்க்கார் ஆபீஸ் பெஞ்சைத் தேய்த்தவர்களுக்கும் நான் சொல்லப்போவதில் பாதி முன்பே தெரிந்திருக்கும். எனக்கு இரண்டு அவஸ்தையும் ஒரே வேலையில் கிடைத்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் மதுரையில் ஒரு சர்க்கார் அலுவலகத்தின் பழம்பொருள் பிரிவில் ரசாயன உதவியாளராக இருந்தேன். எனக்கு மேலே துளசிராம் சார். சாயப்பட்டறை வைத்திருந்த சௌராஷ்டிரக் குடும்பத்தில் பிறந்தவர். முகர்ந்து பார்த்தே கரைசலின் பெயரைச் சொல்லிவிடுவார். எங்கள் இருவருக்கும் மேலான மரியாதை ஒரு மெட்டல் டிடெக்டருக்கு. ராணுவம் கழித்துக் கட்டியது. அதற்கு மட்டும் தனி அலமாரி, தனிப் பூட்டு.

தலைவர் நின்ற இடமெல்லாம்

விளாங்குடியைத் தாண்டி வீரணன் என்ற விவசாயி புதுக் கிணறு வெட்டிக்கொண்டிருந்தார். பழைய கிணற்றில் தண்ணீர் அடியோடு போய்விட்டது. அறுநூறு வாழை குலைதள்ளும் பருவத்தில் நின்றது. பத்தடியில் கடப்பாறை எதன்மேலோ பட்டு 'டங்' என்றது. மனிதர் நேர்மையாகப் போய்க் கிராம அதிகாரியிடம் சொன்னார். அதைத் தவிர அவர் மீது வேறு குற்றம் எதுவும் கிடையாது. மறுநாளே தாலுகா ஆபீஸ் உத்தரவு வந்தது: உள்ளே இருப்பது இன்னதென்று தெரியும்வரை அவர் அந்தக் குழியில் மண்வெட்டி வைக்கக் கூடாது. அதற்கும் மறுநாள் குழியின் ஒரு பக்கம் சரிந்து, டங் என்ற இடம் எதுவென்று யாருக்கும் தெரியாமல் போனது. அதனால்தான் டிடெக்டரோடு நாங்கள் போனோம்.

கிணற்றுக் குழி நல்ல அகலம். துளசிராம் சார் டிடெக்டரின் தட்டை ஆட்டிக்கொண்டே நடக்க, பஞ்சாயத்துத் தலைவர் அவரோடு ஒட்டிக்கொண்டே நடந்தார். கருவி விசிலடித்தது. சுண்ணாம்பால் வட்டம் போட்டோம். இரண்டடி தள்ளி மறுபடியும் விசில். ஒரு மணி நேரத்தில் பதினான்கு வட்டங்கள். தலைவர் முகம் பூரித்துவிட்டது. ஒரு பாண்டிய மன்னனின் கஜானாவே தன் பஞ்சாயத்தில் இருப்பதாகக் கூட்டத்துக்கு அறிவித்தார். பதினான்கையும் தோண்டினோம். கற்கள் கிடைத்தன. கரையில் குத்தவைத்திருந்த வீரணன் தலைவருடைய காலையே பார்த்துக்கொண்டிருந்தார். புதுச் செருப்பு, அடியில் வரிசையாக இரும்பு லாடம் அடித்தது. அவர் எங்கே நின்றாரோ அங்கே புதையல். வீரணன் எழுந்து மண்ணைத் தட்டிவிட்டுச் சொன்னார்: "சார், தலைவர ஒரு தடவ தோண்டிப் பாத்துட்டா வேல முடிஞ்சிரும்ல."

புளி

தலைவர் செருப்பைக் கழற்றிக் கரையேறிய பிறகு கருவி ஒரே ஓர் இடத்தில்தான் விசிலடித்தது. அங்கே கிடைத்தது பூசணிக்காய் அளவில் ஓர் உருண்டை. மேலெல்லாம் பச்சைக் களிம்பு, இடையிடையே கெட்டித்த மண். எந்தப் பக்கம் மேல், எந்தப் பக்கம் கீழ் என்றுகூடச் சொல்ல முடியவில்லை. அதை வேப்ப மரத்தடியில் வைத்துவிட்டு, ஜீப்புக்குப் போன் பண்ண மெயின் ரோட்டுக்குப் போனோம். கிடைத்த பொருளைத் தொடாமல், துடைக்காமல், கிடைத்தபடியே கொண்டுபோக வேண்டும் என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். அதை வீரணனுக்குச் சொல்லிவிட்டுத்தான் போனோம். அவருடைய மனைவி செல்லம்மாவுக்குச் சொல்லவில்லை.

திரும்பி வந்தபோது மரத்தடியில் நான்கு பெண்கள், ஒரு வாளித் தண்ணீர், தேங்காய் நார், சாம்பல், கைப்பிடி அளவு பழம்புளி. உருண்டையின் ஒரு மூலை உள்ளங்கை அகலத்துக்குப் புதுச் செம்பாகச் சிவந்து மின்னியது. புளியின் அமிலம் செம்புக்கு என்ன செய்யும் என்று புத்தகத்தில் எழுதக்கூடியவர் துளசிராம் சார்; அவர் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். ஒன்று சொல்ல வேண்டும். பொருள் செம்பு என்று எங்கள் ஆய்வுக்கூடம் ஒரு வாரத்தில் சொல்லியிருக்கும். செல்லம்மா கால் மணியில் சொல்லிவிட்டார். ஏம்மா இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். அவர் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "கலெக்டர் கண்ணுல படப்போற சாமான், இம்புட்டு அழுக்கோடயா அனுப்புறது?"

பார்க்க வந்த நிபுணர்கள்

உருண்டை ஆபீஸுக்கு வந்த மூன்றாம் நாள், ஊர்ப் பத்திரிகை ஒன்று 'மன்னர் மகுடமா?' என்று போட்டது. கேள்விக்குறி எதற்கென்றால், நாளைக்கு மறுப்பு போட வேண்டியதில்லை. அதற்கப்புறம் எங்கள் அறைக்குக் கூட்டம் வர ஆரம்பித்தது. ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவர் தூரத்திலிருந்தே அது மணிமுடி என்று முடிவு செய்து, எந்த மன்னன் என்பதை மட்டும் யோசிக்க இரண்டு நாள் கேட்டார். பஞ்சாயத்துத் தலைவர் அது அம்மன் சிலையின் தலை என்றார். கோயிலுக்கு இடமும் பார்த்தாயிற்று, வீரணனுடைய கிணற்றுக் குழிதான் இடம் என்றார். ஆனையூரிலிருந்து வந்த முன்னாள் ராணுவ வீரர் அது வெடிகுண்டு என்றார். அதைச் சொல்லும்போது அதன்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டிருந்தார்.

கடைசியாகக் கப்பலூரில் வார்ப்பட்டறை வைத்திருந்தவர் வந்தார். தட்டினார், காதை வைத்தார், நகத்தால் கீறினார். வந்தவர்களில் கதை பேசாதவர் இவர் ஒருவர்தான் என்று எனக்கு மரியாதை வந்தது. என்னவென்று கண்டுபிடிக்க வழி இருக்கிறதா என்று கேட்டேன். "உருக்கிப் பாத்தா அஞ்சு நிமிசத்துல சொல்லிருவேண்ணே."

ஊறல்

அவசரப்படாமல் செய்ய வேண்டிய வேலை இது. செம்புக்குள் ஊறிப்போன உப்பு வெளியே வராவிட்டால், துலக்கிய பொருள் ஆறு மாதத்தில் மறுபடியும் பச்சைப் பொடியாக உதிரும். அதனால் சலவைச் சோடாவும் சமையல் சோடாவும் கலந்த கரைசலில் உருண்டையை மூழ்கவைப்போம். இரண்டு நாளுக்கு ஒரு முறை பழைய கரைசலைக் கொட்டிப் புதிது ஊற்றுவோம். கொட்டுமுன் கொஞ்சம் எடுத்துச் சோதனைக் குழாயில் மருந்து விட்டுப் பார்ப்போம். பால்போல வெளுத்தால் இன்னும் உப்பு இருக்கிறது என்று அர்த்தம். தெளிவாக நின்றால்தான் சுரண்ட ஆரம்பிக்கலாம். முதல் வாரம் பால். இரண்டாம் வாரமும் பால். மூன்றாம் வாரம் மோர் என்று சொல்லலாம்.

இத்தனை நாளும் வீரணன் ஒருநாள் விடாமல் டவுன் பஸ்ஸில் வந்தார். பெஞ்சில் உட்கார மாட்டார். தொட்டி பக்கத்தில் நின்றுகொண்டு குழாயைப் பார்ப்பார். பொருள் இன்னதென்று நாங்கள் எழுதிக் கொடுத்தால்தான் அவர் கடப்பாறையைத் தொட முடியும். ஒரு நாள் நடுவில் ஒடிந்து விழுந்த வாழைப்பூ ஒன்றைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்து மேஜைமேல் வைத்தார். நூறு மரம் சாய்ந்துவிட்டது என்றார். சீக்கிரம் முடித்துவிடலாமா என்று நான் துளசிராம் சாரைப் பார்த்தேன். அவர் குழாயைப் பார்த்தார். குழாய் வெளுத்தது. நான் தொட்டியிலிருந்த நான்கு வாளிக் கரைசலையும் ஜன்னல் வழியே கொட்டிவிட்டுப் புதிது நிரப்பினேன். வீரணன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். "என் வாழைக்கு ஒரு கொடம் தண்ணி வழியில்ல. இந்தக் களிம்பு தெனம் குளிக்குது."

பேர் வெட்டு

குழாய் தெளிந்த அன்றே மூங்கில் குச்சியும் பூதக்கண்ணாடியுமாக உட்கார்ந்தோம். உள்ளிருந்த மண்ணைக் கரைத்து எடுக்க எடுக்க உருண்டை வற்றிக்கொண்டே வந்தது. நான்காம் நாள் களிம்புக்கு அடியில் புள்ளி புள்ளியாக எழுத்து தெரிந்தது. சேதி எப்படிப் போனதோ, பேராசிரியர் அரை மணியில் வந்துவிட்டார். மூன்று எழுத்துத்தான் வெளிவந்திருந்தது. அதை வைத்தே ஒரு மன்னனின் பட்டப்பெயரைப் படித்து, இன்றைய எழுத்தாகத் தோன்றுவது களிம்பின் மயக்கம் என்று விளக்கி, அறிக்கைக்கு ஆரம்ப வரிகளும் சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் மீதி எழுத்தும் வந்தது. 'பேச்சியம்மாள் கல்யாணத்துக்குத் தாய்மாமன் சீர்.' நம் எல்லார் வீட்டுப் பாத்திரத்திலும் இருக்கும் அதே பேர் வெட்டு. நசுங்கி வாய் மூடிப்போன ஒரு செப்புக் குடம். தூர்ந்து மறந்துபோன ஏதோ ஒரு பழைய கிணற்றில் விழுந்தது. வீரணன் அதே இடத்தில் கடப்பாறையைப் போட்டிருக்கிறார்.

சீரை வைத்து வயது சொல்ல முடியாது என்று பேராசிரியர் விடவில்லை. தாய்மாமன் பாண்டியன் காலத்திலும் இருந்தான் என்றார். துளசிராம் சார் குடத்தைக் கவிழ்த்தார். அடியில் பாத்திரக் கடையின் முத்திரை. அதற்குக் கீழே கடையின் டெலிபோன் நம்பர், இரண்டே இலக்கம். "பாண்டியன், கடைக்குப் போன் போட்டுத்தான் குடம் வாங்குனானா சார்?" என்று கேட்டார். பேராசிரியர் குடையை எடுத்துக்கொண்டார். வீரணன் மட்டும் அந்தப் புள்ளி எழுத்தை விரலால் தடவிக்கொண்டு நின்றார். "பாவம், சீர்க் கொடத்தக் கெணத்துல விட்டுட்டு அந்தப் புள்ள எம்புட்டுப் பேச்சு வாங்குச்சோ."

ஏழு கிலோ எழுநூறு

பழம்பொருள் அல்ல என்று அறிக்கை எழுதி முடித்த அன்று, வேலை முடிந்ததாக நினைத்தோம். நீங்களாக இருந்தால் நினைத்திருக்க மாட்டீர்கள். ஸ்டோர் கீப்பர் அமலநாதன் குடத்தைத் தராசில் வைத்தார். மூன்று கிலோ எழுநூறு. வந்தபோது பதிவேட்டில் எழுதியது பதினொரு கிலோ நானூறு. ஏழு கிலோ எழுநூறு கிராம் பழம்பொருள் எங்கே என்று எனக்கு மெமோ வந்தது. அது களிம்பும் மண்ணும் என்று பதில் எழுதினேன். அப்படியானால் அதை ஆஜர்படுத்தவும் என்று இரண்டாவது மெமோ. ஒரு மாதமாக அதை ஜன்னல் வழியே கொட்டியவன் நான். எடை சரியாகும்வரை கோப்பு மூடாது. கோப்பு மூடும்வரை தாலுகா ஆபீஸுக்குக் கடிதம் போகாது. கடிதம் போகும்வரை கிணற்றில் கடப்பாறை கிடையாது. இருநூறாவது வாழையும் சாய்ந்திருந்தது.

அமலநாதன் கெட்டவர் அல்ல. திருடன் என்று என் பேரில் எழுதவும் அவருக்கு மனமில்லை. "குடத்தை வீரணன்ட்ட கொடுத்துரலாம் தம்பி, பிரிஞ்ச பகுதி என் ரூமுக்கு வந்தாகணும். எடை காட்டுனா போதும், நான் உள்ள பிரிச்சுப் பாக்கவா போறேன்?" என்றார். இதை வீரணனிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல், நான் ஜன்னல் வழியே கொட்டிய மண்ணில்தான் இப்போது உங்கள் கிணறு நிற்கிறது என்று சுற்றி வளைத்தேன். அவர் கேட்டுக்கொண்டே பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். மூன்று மணிக்கு ஒரு சிமெண்டுச் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். தராசுத் தட்டில் அதைக் கவிழ்க்கும் முன்பு என்னைக் கேட்டார்: "எங்க குழி மண்ணுதான சார் உங்க தொட்டியில கரஞ்சது, அது அங்க அம்புட்டும் கெடக்கு, எம்புட்டு வேணும்னு மட்டும் சொல்லுங்க."

மறுநாள் கோப்பு மூடியது, அந்த வாரமே உத்தரவு போனது, மேலும் எட்டடியில் தண்ணீர் வந்து நானூறு வாழையாவது பிழைத்தது. ஏழு கிலோ எழுநூறு கிராம் விளாங்குடி மண் அரக்கு முத்திரையோடும் வரிசை எண்ணோடும் பழம்பொருள் அறையில் பத்திரமாக உட்கார்ந்தது. என் சர்வீஸ் முழுக்கச் சுத்தம் செய்யச் சொல்லி என்னிடம் யாரும் கொடுக்காத ஒரே பொருள் அதுதான்.